தலையாட்டினால் போனில் எழுதாது

எங்கள் அப்பாவுக்குக் காது கேட்காது. போன் பைத்தியம் பிடித்தது அதற்கு முன்பா பின்பா என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. முன்பே பிடித்துவிட்டது என்பது அம்மாவின் கட்சி. கலியாணமான புதிதில் அம்மாவின் வீட்டார் தந்த ரேடியோவை அப்பா கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டியபோது நாலைந்து திருகாணிகள் மிச்சம் வந்தனவாம். ரேடியோ அதற்குப் பிறகும் ஒழுங்காகப் பாடியதாம். ஆனாலும் அந்தத் திருகாணிகளை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

நான் பின்பு என்கிற கட்சி. காது கேட்கிற காலத்தில் அவருக்குப் பேச ஆட்கள் இருந்தார்கள். கேளாமல் போனபிறகு ஆட்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள், போன் மட்டும் அலுக்காமல் அவரோடு இருந்தது.

மாங்குளம் சந்தியிலிருந்து உள்ளே போகிற வீதியில் அப்பா நெல் மில் ஓட்டினார். அறுவடைக் காலத்தில் விடிந்தால் பொழுதுபடும்வரை அந்த எஞ்சினோடுதான் அவருடைய சீவியம். ஒரு காது, யுத்தத்தால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், குண்டுச் சத்தத்தில் போனது. அப்படிப் போன காதுகள் எங்கள் பக்கத்தில் நிறைய, யாரும் அதை ஒரு கதையாகச் சொல்வதில்லை. மற்றக் காதை மில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கடைசியில் எஞ்சின் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதை நிலத்தில் காலை வைத்துத்தான் அறிந்துகொண்டார்.

அப்பா எந்த ஆப்பையும் தேவைக்காக இறக்கியவர் அல்ல. புதிதாக வந்திருக்கிறதா, இறக்கிப் பார்த்துவிட வேண்டும். இலையைப் படம் எடுத்தால் நோயைச் சொல்லும் ஆப் ஒன்று எங்கள் முற்றத்து முருங்கைக்கு ஏதோ பனி நாட்டு மரத்தின் நோய் என்றது. அப்பா கோபிக்கவில்லை. "அவன் முருங்கைய கண்டிருக்க மாட்டான், பாவம்," என்று அதைச் செய்தவனுக்காகப் பரிந்து பேசினார். நடையை எண்ணும் ஆப், மில் அதிர்வதையெல்லாம் நடை என்று எண்ணி, கதிரையில் இருந்தவரை ஒரே நாளில் யாழ்ப்பாணம்வரை நடக்க வைத்தது. அதை ஊரெல்லாம் காட்டிச் சிரித்தார். வவுனியாவில் மில்லுக்குச் சாமான் வாங்கப் போனால், மொழிபெயர்க்கும் ஆப்பில் தமிழில் தட்டி, அது சிங்களத்தில் பேசுவதைக் கடைக்காரருக்குக் கேட்கவிட்டு, அவர் திருப்பித் தட்டித் தருவதை வாசித்து, இருவரும் அரைமணி நேரம் பெல்ட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் கதைத்துவிட்டு வருவார். அந்தக் கடைக்காரர் வருடப் பிறப்புக்குப் பலகாரம் அனுப்புகிற அளவுக்கு அது வளர்ந்தது.

எனக்கு அவர்மேல் உண்மையாகவே பெருமை வந்தது சத்தத்தை அளக்கும் ஆப்பினால். எஞ்சினுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, திரையில் மேலும் கீழும் ஓடுகிற கோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு நாள் பார்த்துவிட்டு, பெல்ட் வழுக்குகிறது என்றார். காது கேட்கிற நாங்கள் எல்லோரும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றோம். நிறுத்திப் பார்த்தால் பெல்ட் தேய்ந்துதான் இருந்தது. தன்னுடைய காதைத் தின்ற எஞ்சினின் சத்தத்தையே அவர் கண்ணால் பிடித்துவிட்டார். இப்படி ஒரு மனிதனை எப்படிப் பாராட்டாமல் இருப்பது?

இன்னுமொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்த ஆப்பைப் பாவித்தாலும் அதன் கீழே போய் இரண்டு வரி கருத்து எழுதி, ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார். முருங்கைக்குப் பிழையாகச் சொன்னதற்கும் ஐந்துதான். ஒன்றிரண்டைக் குறைத்தால் என்ன என்று நான் விரலை மடக்கிக் காட்டிக் கேட்டேன்.

"எங்கயோ இருக்கிற புள்ளைங்க கண்ணு முழிச்சுச் செஞ்சு சும்மா குடுக்குதுங்க," என்றார். "டீ குடுத்த வீட்டுல சீனி காணாதுன்னு சொல்லிட்டு வருவோமா?"

அவர் டீ என்றதும் அம்மா பக்கத்திலிருந்து "தேத்தண்ணி" என்று திருத்தினார். கேட்காது என்று தெரிந்தும் திருத்தினார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பாவின் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அம்மாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வயல் காணிக்கு வந்தவர்கள். இரண்டு பகுதியும் ஒரே வாய்க்காலில்தான் குளித்தார்கள், பேச்சு மட்டும் வேறு. அப்பாவும் அம்மாவும் விரும்பிக் கட்டினார்கள். அம்மாவுக்கு அப்பாவில் பிடிக்காதது அவருடைய தமிழ் ஒன்றுதான். அவர் "ஆமா" என்றால் அம்மா "ஓம்" என்பார். அவர் "வாங்க" என்றால் அம்மா "வாங்கோ" என்பார். கலியாணமான நாளிலிருந்து நடந்த இந்தத் திருத்தத்தில் அப்பா ஒரு எழுத்தும் திருந்தவில்லை.

அம்மாவின் தமையன், எங்கள் மாமா, நல்ல மனிதர். ஊரில் எந்த நன்மை தீமையிலும் முன் கதிரை அவருக்குத்தான். எங்கள் வீட்டு விசயங்களிலும் அப்படியே. "மச்சானுக்குக் கேளாதுதானே, நான் கதைக்கிறன்," என்பார். அதில் ஒரு கள்ளமும் இல்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தோடு அப்பா தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார்.

அக்காவின் கலியாணப் பேச்சு அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டியோடு நடுக் கதிரையில் இருந்தார். மாமா பேசினார். அப்பா எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். ஏதோ கேட்கிறார்கள், நல்லதுக்குத்தான் கேட்பார்கள் என்று அவர் தலையாட்டினார். கேட்டது என்னவென்றால், கலியாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை அக்காவை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக உங்களுக்குச் சம்மதமா என்று. அதை அவர் அறிந்தது பிறகு, அக்காவுக்குக் கடவுச்சீட்டுப் படம் எடுக்கப் போனபோது. அவர் யாரையும் குறைசொல்லவில்லை. சம்மதமில்லை என்றும் சொல்லவில்லை. அக்கா அங்கே நல்லாகத்தான் இருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து அப்பா விளங்காத எதற்கும் தலையாட்டுவதை விட்டுவிட்டார். ஆட்கள் பேசினால் நேராக நின்று, "எனக்குக் கேக்கலங்க," என்று சொன்னார். அது அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்று முகத்தில் தெரியும்.

பேச்சை எழுத்தாக்குகிற ஆப் வந்தது இதற்குப் பிறகு. ஒரு மத்தியானம் மில்லிலிருந்து வந்தவர், சோற்றுக் கோப்பைக்கு முன்னால் போனை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எதையாச்சும் பேசுங்க," என்றார்.

"சோறு ஆறப்போகுது, முதல் சாப்பிடுங்கோ, பிறகு உந்தப் போனை நோண்டலாம்," என்றார் அம்மா.

திரையில் வந்தது பாதி தமிழ், பாதி என்ன மொழி என்றே தெரியாது. அப்பா என்னைப் பார்த்தார். நான் செய்தி வாசிப்பவரைப்போலக் குரலை நிமிர்த்திக்கொண்டு, "அப்பா, சாப்பாடு ஆறிவிடும், முதலில் சாப்பிடுங்கள். நேற்று நீங்கள் கொண்டுவந்த மீன் மிகவும் நன்றாக இருந்தது," என்றேன். ஒரு எழுத்துப் பிசகாமல் அப்படியே வந்தது.

அப்பா அதை வாசித்தார். திரும்ப வாசித்தார். எங்களிடமிருந்து அவருக்கு வருடக்கணக்கில் கிடைத்தது சைகையும் ஒற்றைச் சொல்லும்தான். மழை. சாப்பாடு. ஆள் வந்திருக்கு. அவசியமானதை மட்டும் கத்திச் சொல்லிப் பழகிவிட்டோம். மீன் நன்றாக இருந்தது என்பதைக் கத்திச் சொல்வது யார்? அவருடைய கண் கலங்கியதை மறைக்க எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

அம்மாவுக்கோ ஆத்திரம். தன்னுடைய தமிழ் இந்த மெசினுக்கு விளங்காதாம், நேற்றுப் பிறந்தவளின் தமிழ் விளங்குமாம். ஒரு கிழமை போனோடு பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் எப்படியோ கண்டுபிடித்தார். அப்பா பேசுவதுபோலப் பேசினால் அது தடங்கலில்லாமல் எழுதுகிறது. "வாங்கோ" என்றால் தடுமாறுகிறது, "வாங்க" என்றால் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு காலமும் அப்பாவின் தமிழைத் திருத்திவந்த அம்மா, அப்பாவோடு கதைக்க வேண்டுமென்றால் அப்பாவின் தமிழில்தான் கதைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. முதல்முறை அவர் போனைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, குழம்புல உப்பு சரியாங்க?" என்று கேட்டபோது, அதை வாசித்த அப்பா கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. அம்மா வெட்கத்தில் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். உப்பு சரியா என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கலியாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பூநகரிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு வீட்டாரும் விரும்பி எங்களைச் சந்திக்கவைத்து, பிறகு நாங்களும் போனில் கதைத்து, எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. ஆனால் அது வேறு. பெரியவர்கள் முறையாக வந்திருந்து பேசி முடிப்பது வேறு. அந்த நாள் குறிக்கப்பட்டதும் மாமா வந்தார்.

"மச்சான் பேசாமல் இருக்கட்டும், நான் கதைக்கிறன்," என்று அம்மாவிடம் சொன்னார். மேசையில் இருந்த போன் அதையும் ஒருமாதிரி எழுதிவிட்டது.

அப்பா வாசித்துவிட்டுச் சொன்னார், "இந்தத் தடவை நான் பேசுறேன் மச்சான். நீங்க எனக்குப் பக்கத்துல இருங்க."

மாமா என்னை வெளியே கூப்பிட்டார். "பிள்ளை, கொப்பரின்ர ஆசை எனக்கு விளங்குது. ஆனால் அந்த மெசின் ஒண்டை இன்னொண்டா மாறி எழுதி, அவர் அதுக்கு ஒரு பதிலைச் சொல்லிப்போட்டால், உன்ர வாழ்க்கையெல்லே குழம்பிப்போகும். யோசி." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனால் அக்காவின் பேச்சில் சிரித்துக்கொண்டே இருந்த அந்த முகத்தை இன்னொருமுறை பார்க்க என்னால் முடியாது. அப்பா பேசட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப்போல ஆயத்தம் செய்தார். சிக்னல் போனாலும் ஆப் வேலை செய்யும்படி தமிழ்ப் பொதியை முன்கூட்டியே இறக்கி வைத்தார். வயர் இல்லாத சின்ன மைக் ஒன்று வாங்கினார். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது, அப்பா சாதாரணமாகப் பேசினாலே அடுத்த வீட்டு வளவுக்குக் கேட்கும். அதனால் சத்தம் அளக்கும் ஆப்பை முன்னால் வைத்துக்கொண்டு, கோடு மேலே போகாமல் பேசிப் பழகினார். என்னிடம் பழைய போன் ஒன்றைத் தந்தார். முன்னறையில் அவருடைய திரையில் வருகிற எழுத்து குசினியில் என்னுடைய திரையிலும் வரும். பிழையாக எழுதினால் நான் சரியானதைத் தட்டி அனுப்ப வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் பேசுவதைப் பெண் ஒட்டுக்கேட்பது எங்கள் ஊரில் வழக்கம்தான். எழுத்தில் வாசித்தது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர்கள் வாடகைக்குப் பிடித்த வானில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, தாய், தகப்பன். பூநகரி வீதித் தூசி அப்பியிருந்தது, முகம் கழுவித் தேத்தண்ணி குடித்து ஆறினார்கள். பயத்தம் பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் அப்பா மைக்கை வைத்தார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. நீங்க பேசுறத இது எழுதும். கொஞ்சம் தெளிவாப் பேசினா நல்லா எழுதும்," என்றார். குரல் அளவாக இருந்தது. குசினியில் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் தெளிவாக என்ற சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது. எங்கள் சனத்துக்கு மைக்கைக் கண்டால் கோயில் திருவிழா அறிவித்தல் நினைவுக்கு வந்துவிடும். மாப்பிள்ளையின் தகப்பன் தொண்டையைச் செருமி, மைக்கை நோக்கிக் குனிந்து, "வணக்கம். நாங்கள் இன்று தங்கள் இல்லத்திற்கு வருகை தந்தமையையிட்டுப் பெருமகிழ்ச்சி அடைகின்றோம்," என்றார். வயலில் நின்று மாட்டை விரட்டுகிற அதே வாய்.

மாமா விட்டுக்கொடுப்பாரா? "தங்களை வரவேற்பதில் நாமும் மட்டற்ற மகிழ்ச்சி அடைகின்றோம்," என்றார்.

பணியாரத் தட்டை நீட்டிய அம்மாவும், "தயவுசெய்து அருந்துங்கள்," என்றார். பணியாரத்தை யார் அருந்துவது? நான் வாயைப் பொத்திக்கொண்டு குசினி நிலத்தில் குந்திவிட்டேன். திரையில் ஒரு பிழையும் இல்லை, எனக்குத் திருத்த வேலையே இல்லை. குடும்பம், காணி, கோயில், படிப்பு எல்லாம் மேடைப் பேச்சாக வந்தது. அந்தத் தமிழில் ஒருவரும் அநியாயமான கேள்வி கேட்க முடியாது என்பதையும் கவனித்தேன். அப்பா ஒவ்வொரு வரியையும் வாசித்து, யோசித்து, தன் இயல்பான தமிழில் பதில் சொன்னார். அந்த அறையில் மனிதர் பேசுவதுபோலப் பேசியது அவர் ஒருவர்தான்.

பிறகு அந்த வரி வந்தது. மாப்பிள்ளையின் தாய் கணவரின் பக்கம் சாய்ந்து மெல்ல ஏதோ சொல்வதற்கும், என் திரையில் எழுத்து ஓடுவதற்கும் சரியாக இருந்தது. பணியாரத் தட்டு அந்தத் தாய்க்குப் பக்கத்தில், மைக் தட்டுக்குப் பக்கத்தில்.

"இது பரம்பரை நோயோ, பேரப்பிள்ளைகளுக்கும் வருமோ."

நான் எழுந்து நின்றேன். அதை அழிக்க வழியில்லை. மாற்றி அனுப்பலாமா என்று விரல் போனது, அதற்குள் அப்பா வாசித்துவிட்டார். திரையில் வருவதை வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு.

"இது பரம்பரை நோயோ, பேரப்பிள்ளைகளுக்கும் வருமோ," என்று அவர் வாசித்தது அறைக்கெல்லாம் கேட்டது. குரல் கட்டுப்பாட்டை மீறிவிட்டது.

மாமா எழும்பி, "மச்சான், அது மெசின் பிழையா எழுதிப்போட்டுது," என்றார். அதையும் அது ஒருமாதிரி எழுதியது. அப்பா அதை வாசித்துவிட்டு, இருங்கள் என்று மாமாவுக்குக் கையைக் காட்டினார். இங்கேதான் எல்லாம் முடியப்போகிறது என்று நான் நினைத்தேன். அவர் போனை மூடி வைத்துவிட்டுப் பழையபடி சிரித்துக்கொண்டு இருந்துவிடுவார், மாமா மிச்சத்தைப் பேசுவார்.

அப்பா மாப்பிள்ளையின் தாயைப் பார்த்துச் சொன்னார், "இல்லம்மா, அது சரியாத்தான் எழுதியிருக்குது. கேக்க வேண்டிய கேள்விதான். நானா இருந்தாலும் கேட்டிருப்பேன். பரம்பரை இல்லீங்க. ஒரு காது ஓடித்திரிஞ்ச காலத்துல போச்சு, ஒண்ண மில்லு தின்னுருச்சு. எங்கப்பா மலையில வேலை செஞ்சவரு. அடுத்த லயத்து வீட்டுல யாராச்சும் அவரப்பத்தி மெதுவாப் பேசினாக்கூட இங்கிருந்து பதில் சொல்லுவாரு. சாகிற வரைக்கும் அந்தக் காது. எங்கம்மாவுக்கு அதுதான் தொல்லை."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தாயின் முகம் சிவந்துபோயிருந்தது. அவர் மைக்கைக் கையில் எடுத்து, மேடைத் தமிழையெல்லாம் விட்டுவிட்டு, "குறை நினையாதேங்கோ. எனக்கு மனதில வைச்சிருக்கத் தெரியாது, கேட்டுப்போட்டன்," என்றார். அது அதை அரைகுறையாகத்தான் எழுதியது. நான் சரியாகத் தட்டி அனுப்பினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே திருத்தம் அதுதான்.

அதற்குப் பிறகு பேச்சு ஓடியது. கலியாண நாளைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் ஆளுக்கு ஆள் குறுக்கே பேச, போன் திணறி, அப்பா ஒவ்வொருவராகப் பேசச் சொல்லி அதட்டினார். அவர் அதட்ட, மாமா கட்டுப்பட்டார். அந்தக் காட்சிக்காகவே நான் தேத்தண்ணித் தட்டோடு இரண்டாம்முறை முன்னறைக்குப் போய் வந்தேன்.

கடைசியில் மாப்பிள்ளையின் தகப்பன், பிள்ளைக்கும் சம்மதமோ என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. தாய் உள்ளே போவார், பெண்ணைப் பார்ப்பார், அவள் தலையைக் குனிவாள் அல்லது ஆட்டுவாள். தாய் வெளியே வந்து, அவளுக்குச் சரியாம் என்பார். அம்மா எழுந்து வந்தார். நான் தலையாட்டினேன். அம்மா திரும்பிப் போய், அங்கேயும் தலையாட்டினார். எல்லோரும் எழும்பத் தயாரானார்கள்.

"அவளக் கூப்பிடு," என்றார் அப்பா. "வாயால சொல்லட்டும்."

மாமா சங்கடப்பட்டார். "மச்சான், பொம்பிளைப் பிள்ளை சபையில வந்து சொல்லுறதோ? தலையாட்டிப்போட்டாள்தானே."

அப்பா அதை வாசித்தார். "தலையாட்டினா இதுல எழுதாது மச்சான்," என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நானும் ஒருக்கா தலையாட்டினேன். எதுக்குன்னு தெரியாம ஆட்டினேன். எங்க வீட்டுக்கு அந்த ஒண்ணு போதும்," என்றார்.

அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். நான் குசினி வாசலைத் தாண்டிப் போய் நின்றேன். எனக்கு அவரைப் பிடிக்கும், சம்மதம்தான், அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அதைச் சொற்களாகச் சொல்ல வேண்டி வரும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பா மைக்கை என் பக்கம் நீட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பார்த்துத் தலையாட்டிய மனிதர், முகத்தை நம்பாமல் எழுத்துக்காகக் காத்திருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபம்போலவும் ஒன்று வந்தது, இரண்டையும் விழுங்கினேன்.

"எனக்கு விருப்பம்," என்றேன்.

அவர் வாசித்தார். "எனக்கு விருப்பம்." அடுத்த வளவில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அங்கிருந்தே எட்டிப் பார்த்தார்கள். என் சம்மதம் ஊருக்கே அறிவிக்கப்பட்டுவிட்டது.

வான் போனபிறகு, பொழுது சாய்கிற நேரம், நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா இன்னும் அதே இடத்தில் இருந்து அந்த இரண்டு சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வென்றுவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். முகத்தில் வென்ற களை இல்லை. அம்மாவைக் கூப்பிட்டார்.

"அவ அதச் சொல்லும்போது குரலு எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார். தணிவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார், எனக்கு நன்றாகவே கேட்டது. "நடுங்குச்சா? சந்தோசமாச் சொன்னாளா, எல்லாரும் நிக்கிறாங்களேன்னு சொன்னாளா? இதுல விருப்பம்னு மட்டும்தான் இருக்கு."

நான் கையிலிருந்த கதிரையோடு நின்றுவிட்டேன். நான் பிறந்ததிலிருந்து என் குரலில் எதையும் கண்டுபிடித்துவிடுகிற ஆளாக அம்மா இருந்தார். அப்பாவின் காதில் என் குரல் என்னுடைய எந்த வயதோடு நின்றுபோனது என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அம்மா மைக்கை எடுத்தார். அவருக்குத் திருத்துவதற்கு எவ்வளவோ இருந்தது. ஒன்றையும் திருத்தவில்லை.

"கொஞ்சம் நடுங்குச்சுங்க," என்றார். "ஆனா சந்தோசமாத்தாங்க சொன்னா."

அப்பா வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

அடுத்த நாள் காலையில் அந்த ஆப்பின் கீழே அவர் கருத்து எழுதியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். நான் கலியாணம் முடிந்து பூநகரிக்கு வந்தபிறகும் சிலநேரம் அதைத் தேடிப்போய் வாசிப்பதுண்டு.

"எழுத்து மிகத் திறம். நன்றி பிள்ளைகளே. ஆனால் மகள் சந்தோசமாகச் சொன்னாளா என்று மனைவியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அடுத்தமுறை கவனிக்கவும்."